விண்மீனும் விடைத்தாளும்

வினாவுக்கு விடை கூறுவது கடினம், வினாவை ஆக்குவது எளிது என்பது பெரும்பாலோர் எண்ணம். பரீட்சை எழுதும் மாணாக்கர் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. வியர்வை சிந்துபவர்கள் அவர்களே. வினாத்தாளைத் தயாரித்தவர் எங்கோ விசிறிக்குக் கீழே சுகமாக அமர்ந்திருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றும். ஆயினும், இந்துக் கல்லூரியொன்றிலே இருபது ஆண்டுகளாகப் பௌதிகமும் கணிதமும் கற்பித்துவரும் எமக்கு, இவ்வெண்ணம் தலைகீழானது என்று சொல்லும் துணிவு உண்டு. விடை கூறுபவன் தன் மனத்தோடு மட்டும் போராடினாற் போதும். வினா ஆக்குபவனோ அதைக் கேட்கப்போகும் ஒவ்வொருவருடைய மனத்துக்குள்ளும் ஒருமுறை புகுந்து மீள வேண்டும்.

எமது ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவிலே வினாவிடைப் போட்டியொன்று நடைபெறுவது வழக்கம். வரலாறு, இலக்கியம், விளையாட்டு எனப் பல பகுதிகள் அதில் உண்டு. அவற்றுள் வானியற் பகுதிக்கு வினாக்களை ஆக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வகுப்பறையில் வினாக் கேட்பது போன்றதன்று இது. வகுப்பில் இருப்போர் ஒரே வயதினர். ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள். வாசிகசாலை முற்றத்திலோ ஓய்வுபெற்ற தபாலதிபர் இருப்பார், கடற்றொழிலாளர் இருப்பார், இடுப்பிலே குழந்தையுடன் தாய்மார் நிற்பர், பல்கலைக்கழக மாணவரும் பாலர் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்திருப்பர். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு வினாவை ஆக்குவதென்றால், அது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். அப்படிப் பொதுவானது வானத்தைத் தவிர வேறு எது? காணிக்கு எல்லை வேலி உண்டு. கிணற்றுக்குப் பங்கு உண்டு. வானத்துக்கு மாத்திரம் உறுதி எழுதி வைத்திருப்பவர் எவருமில்லை.

இப்பணியை மேற்கொள்வோர் பலரும் செய்வது யாது? பொது அறிவு நூலொன்றைக் கையிலெடுத்து, பத்து எண்களையும் பத்துப் பெயர்களையும் குறித்துக்கொள்வர். வியாழனின் விட்டம் எத்தனை கிலோமீற்றர்? சனிக் கோளின் ஓராண்டு எத்தனை நாட்கள்? இவை பிழையான வினாக்கள் அல்ல. ஆனால் விடை தெரிந்தவன் சொல்லிவிட்டு அமர்கிறான். தெரியாதவன் தலையைச் சொறிந்துவிட்டு அமர்கிறான். இருவரும் வீடு திரும்பும்போது வானத்தை ஒருமுறையேனும் அண்ணாந்து பார்ப்பதில்லை. விடை தெரியாதவனையும் ஒரு கணம் சிந்திக்க வைப்பதும், விடையைக் கேட்டதும் “அட, இது எனக்குத் தெரிந்த விடயந்தானே!” என்று சொல்ல வைப்பதுமே நல்ல வினாவின் இலக்கணம் என்பது எமது கருத்து.

இதனை வெறும் பொழுதுபோக்காகக் கருதாது இவ்வளவு கவனம் செலுத்துவது ஏன் என்று நண்பர்கள் சிலர் எம்மைக் கேட்பதுண்டு. அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதே மறுமொழியாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறோரிடத்தில் நடைபெற்ற ஒரு போட்டிக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தோம். “பூமிக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் எது?” என்று நடுவர் வினவினார். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மணி அடிக்கவும் பொறாமல் எழுந்து, “சூரியன்!” என்றாள். நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “பிழை. புரொக்சிமா சென்ரோரி” என்று அறிவித்தார். சபையில் ஒரு சிரிப்பலை எழுந்தது. நட்சத்திரத்தைக் கேட்டால் சூரியனைச் சொல்கிறாளே என்பது அவர்களுடைய சிரிப்பு. அச்சிறுமியின் முகம் கறுத்துவிட்டது. அதன் பின்னர் கேட்கப்பட்ட வினாக்களுள் இரண்டுக்கேனும் அவளுக்கு விடை தெரிந்திருந்தது என்பதை அவளுடைய உதடுகளின் அசைவிலே கண்டோம். ஆனால் அவள் எழவில்லை.

உண்மையில் அவள் கூறியதே சரி. சூரியனும் ஒரு நட்சத்திரமே. அதன் ஒளி எம்மை அடைய எட்டு நிமிடமும் இருபது செக்கனுமே செல்லும். புரொக்சிமா சென்ரோரியின் ஒளி எம்மை அடைய நாலே கால் ஆண்டளவு செல்லும். வெறுங்கண்ணுக்கு அது தெரிவதுமில்லை. வினாவிலே ‘சூரியனைத் தவிர’ என்னும் இரண்டு சொற்கள் விடுபட்டுப் போயின. அவ்விரண்டு சொற்களின் விலை ஒரு பிள்ளையின் நம்பிக்கை. போட்டி முடிந்ததும் நடுவரிடம் சென்று விடயத்தை மெல்ல எடுத்துரைத்தோம். “விடைத்தாளில் உள்ளபடிதான் நாங்கள் புள்ளி போடலாம், மாஸ்டர்” என்றார். அவர் நல்ல மனிதரே. ஆயினும் விண்மீனைவிட விடைத்தாளே அவருக்குப் பெரிதாயிற்று.

அச்சிறுமியின் தந்தையார் மேசன் வேலை செய்பவர். வாசலிலே அவரைக் கண்டு, “உங்கள் மகள் சொன்னதுதான் சரி” என்றோம். அவர் மகளைப் பார்த்தார். மகளோ நிலத்தைப் பார்த்தாள். “அப்படியெண்டால் ஏன் சேர் எல்லாரும் சிரிச்சவை?” என்று மாத்திரம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்த விடைத்தாளிலும் விடையில்லை. எமது வாசிகசாலையிலே மாதத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்க்கும் கூட்டம் நடைபெறுவதைக் கூறி, மகளை அழைத்து வருமாறு சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

ஆகவே, வினா ஆக்குபவனுக்கு முதற் கடமை, சரியான விடை சொன்ன ஒருவரைப் பிழையென்று சொல்லும் நிலை வாராமற் காத்தல். இதற்குச் சொற்களை நிறுத்துப் பார்க்க வேண்டும். எமது பேச்சு வழக்கிலேயே ஓர் இடறல் உண்டு. எங்கள் பக்கத்திலே எல்லா நட்சத்திரங்களையும் ‘வெள்ளி’ என்றே சொல்லுவோம். வானத்திலே வெள்ளி பூத்திருக்கிறது என்பது பாட்டிமார் பேச்சு. வால்வெள்ளி, எரிவெள்ளி, விடிவெள்ளி என்பனவும் அவ்வழி வந்தவை. இவற்றுள் ஒன்றேனும் நட்சத்திரமன்று என்பது வேடிக்கை. வால்வெள்ளி சூரியனைச் சுற்றிவரும் பனியும் தூசுமான பொருள், எரிவெள்ளி காற்றுமண்டலத்திற் புகுந்து ஒளிரும் சிறு துகள், விடிவெள்ளி கோள். எனவே, “வெள்ளி நட்சத்திரமா, கோளா?” என்று வினவினால், பாட்டி சொல்வதும் சரி, பேரன் சொல்வதும் சரி. “வெள்ளி என்னும் கோள்” என்று நாம் தெளிவுபடுத்திக் கேட்டால் குழப்பம் நீங்கும். மாறாக, “வெள்ளி என்று பெயர் பெற்றும் நட்சத்திரமல்லாத மூன்றைக் கூறுக” என்று கேட்டால் குழப்பமே ஒரு நல்ல வினாவாகிவிடும்.

இரண்டாவது கடமை, காலத்தைக் கவனித்தல். வானம் பழையது, வானத்தைப் பற்றிய எமது கணக்கோ ஆண்டுதோறும் புதியது. கோள்கள் எத்தனை என்று கேட்டால் எமது ஊரில் இன்றும் வீட்டுக்கு வீடு வழக்குத்தான். பாட்டனார் ஒன்பது என்பார். பேரன் எட்டு என்பான். 1930 ஆம் ஆண்டிலே கிளைட் டொம்போ என்னும் அமெரிக்க இளைஞர் புளூட்டோவைக் கண்டறிந்தார். அதற்கு அப்பெயரை முதலிற் சொன்னவள் ஒக்ஸ்பேட் நகரத்துப் பதினொரு வயதுச் சிறுமி. 76 ஆண்டுகள் அது கோளாகவே விளங்கிற்று. 2006 ஒகஸ்ட் 24 அன்று, பிராக் நகரிலே கூடிய சர்வதேச வானியற் சங்கம், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் தனதாக்கிக்கொள்ளாத பொருள் முழுக் கோளன்று என வரையறுத்து, அதனைக் குறுங்கோள் வரிசையிற் சேர்த்தது. ஆதலால் நாம் எத்தனை என்று கேட்பதில்லை. “பாட்டனார் ஒன்பது என்று படித்தார், பேரன் எட்டு என்று படிக்கிறான். இடையிலே விலக்கப்பட்டது எது? விலக்கிய காரணம் யாது?” என்று கேட்கிறோம். பாட்டனாருக்கும் மரியாதை போகவில்லை. பேரனுக்கும் பெருமை குறையவில்லை.

உபகோள்கள் மிகுந்த கோள் எது என்னும் வினாவும் இத்தகையதே. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வியாழன் சனியை முந்தியது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் சனி மீண்டும் முந்திக்கொண்டது. 2025 மார்ச் மாதத்திலே சனிக் கோளின் உபகோள்கள் 274 என அங்கீகரிக்கப்பட்டன. பழைய நூலைப் பார்த்து வினா எடுப்பவர் இங்கே இடறி விழுவார். எனவே எண்ணைக் கேட்கும் வினாவிலே ஆண்டையும் சேர்த்தே எழுதுதல் நன்று.

‘முதன்முதலில்’ என்னும் சொல்லும் அபாயமானது. தொலைகாட்டியைக் கண்டுபிடித்தவர் கலிலியோ என்று எழுதிய விடைத்தாள்கள் எத்தனையோ. ஒல்லாந்து நாட்டிலே மூக்குக்கண்ணாடி செய்யும் ஹான்ஸ் லிப்பர்சே என்பவர் 1608 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை கோரியிருந்தார். கலிலியோ அடுத்த ஆண்டில் தாமாகவே ஒன்றைச் செய்து வானத்தை நோக்கித் திருப்பினார். 1610 ஜனவரியிலே வியாழனின் நான்கு உபகோள்களைக் கண்டார். “தொலைகாட்டியை வானத்தை நோக்கித் திருப்பி, வியாழனுக்கும் சந்திரர்கள் உண்டு எனக் கண்டவர் யார்?” என்று கேட்டாற் கலிலியோவின் புகழும் குறையாது, உண்மையும் குறையாது.

இனி, நல்ல வினாக்களை எங்கே தேடுவது? நூல்நிலையத்திலே தேடலாம், ஆனால் அடுக்களையிலும் கோயில் வீதியிலும் கடற்கரையிலும் தேடுவது மேல் என்பது எமது அனுபவம்.

“பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சித்திரையிலா, மார்கழியிலா?” என்று ஒருமுறை கேட்டோம். சித்திரை வெயிலில் உருகியவர்கள் அனைவரும் ஒரே குரலில் “சித்திரை” என்றனர். மார்கழிதான் என்றதும் மண்டபமே திகைத்தது. ஜனவரி முதல் வாரத்தையொட்டிப் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கிலோமீற்றர். யூலை முதல் வாரத்தையொட்டி அது 15 கோடியே 21 இலட்சம் கிலோமீற்றர். பனியிலே போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும் அந்நாட்களிலேதான் நாம் சூரியனுக்கு மிக அருகிலிருக்கிறோம். பருவங்களை உண்டாக்குவது தூரமன்று, பூமியின் அச்சுச் சாய்வே என்பதை இதற்குமேல் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொரு வினா: “யாழ்ப்பாணத்திலே நண்பகலிற் சூரியன் நேரே உச்சியில் நிற்பது ஆண்டுக்கு எத்தனை நாட்கள்?” ஒவ்வொரு நாளும் என்பார் பலர். உண்மையில் ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரமே. முதலாவது, சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாளிலே. மற்றது ஒகஸ்ட் மாதக் கடைசியிலே. அந்நாட்களில் நண்பகல் 12 மணி 10 நிமிடமளவிலே நேராக நட்ட தடியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இதைக் கேட்ட ஓர் அன்னையார், அடுத்த புத்தாண்டிலே பொங்கற் பானையை இறக்கிய கையோடு முற்றத்தில் உலக்கையை நாட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம். அவர் எமது போட்டியில் ஒரு புள்ளியும் பெறாதவர். எனினும் அவ்வாண்டின் பரிசை அவருக்கே கொடுத்திருக்க வேண்டும்.

சந்திரன் எப்போதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறது. ஆகவே அது தன்னைத்தானே சுற்றுவதில்லை என்று சொல்பவர் அநேகர். இதற்கு நாம் கோயில் வீதியைத் துணைக்கு அழைத்தோம். “வலம் வரும்போது மூலத்தானத்துக்கு எப்போதும் எமது வலக்கையையே காட்டுகிறோம். ஒரு சுற்று முடிவதற்குள் எமது முகம் எத்தனை திசைகளை நோக்குகிறது?” கிழக்கு வீதியில் நடக்கும்போது தெற்கு நோக்கியும், தெற்கு வீதியில் மேற்கு நோக்கியும், மேற்கு வீதியில் வடக்கு நோக்கியும், வடக்கு வீதியில் கிழக்கு நோக்கியும் நடக்கிறோம். ஒரு சுற்றுக்குள் எமது உடலும் ஒருமுறை திரும்பிவிடுகிறது. சந்திரன் செய்வதும் இதுவே. அது பூமியைச் சுற்றவும் தன்னைத்தானே சுற்றவும் எடுக்கும் காலம் ஒன்றே. ஏறத்தாழ இருபத்தேழேகால் நாட்கள். ஆண்டாண்டாக வீதி வலம் வந்த முதியோர்கள் இதைக் கேட்டுத் தமக்குள் சிரித்துக்கொண்டனர்.

கார்த்திகை விளக்கீட்டன்று பூரணைச் சந்திரனுக்கு அண்மையிலே மின்னும் நட்சத்திரக் கூட்டம் எது என்று கேட்டால், விடை வினாவுக்குள்ளேயே இருக்கிறது. கார்த்திகை என்னும் அறுமீனே அது. மாதங்கள் பலவற்றின் பெயர்கள் இவ்வாறு பூரணை நிற்கும் நட்சத்திரத்தையொட்டி வந்தவை. இதிலிருந்து அடுத்த வினா பிறக்கிறது. “அப்படியாயின் அன்று சூரியன் எங்கே நிற்கும்?” நேர் எதிரே, விருச்சிகத்தில். ஆதலின் விளக்கேற்றும் அந்திவேளையிலே அறுமீன் கிழக்கில் எழுந்து இரவு முழுவதும் எம்மோடு விழித்திருக்கிறது. ஒரு வினா மற்றொரு வினாவைக் கைப்பிடித்து அழைத்து வருமானால் அது நல்ல குடும்பத்து வினா.

ராகு, கேது பற்றிய வினாவைக் கேட்பதற்கு முன்னர் சற்று நிதானித்தோம். பிறர் மனத்தைப் புண்படுத்தி அறிவை வளர்க்க முடியாதன்றோ? “எல்லாப் பூரணைகளிலும் கிரகணம் நிகழாதது ஏன்?” என்று தொடங்கினோம். சந்திரனின் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. அவ்விரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு அண்மையிலே பூரணையோ அமாவாசையோ வந்தாற்றான் கிரகணம். அப்புள்ளிகளையே எம்முடைய கணிதர்கள் ராகு, கேது என்றனர் எனச் சொன்னதும், தபாலதிபர் ஐயா எழுந்தார். “அப்ப பாம்பு இல்லையோ, மாஸ்டர்?” என்றார். “பாம்புக் கதை பிள்ளைகளுக்கு, ஐயா; பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கு அது கணக்கு” என்றோம். 1825 ஆம் ஆண்டிலே புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், நிலத்திலே சிப்பிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனை ஜோன் வாரன் என்பவர் பதிந்து வைத்தார். கிரகணம் தொடங்கும் நேரத்திலே அவருக்கு ஏற்பட்ட வழு நான்கு நிமிடமே. இதைச் சொன்னபோது ஐயாவின் முகத்திலே ஏமாற்றம் நீங்கிப் பெருமிதம் தோன்றியது.

அந்தப் பெருமிதமும் அளவோடு இருத்தல் வேண்டும். எல்லாம் எம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று கைதட்டு வாங்குவது எளிது. அது வினாவிடை நடத்துபவனுக்கு ஆகாது. 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசெம்பர் 26 இலும் எமது வடபகுதியிலே கங்கண கிரகணம் தெரிந்தது. சூரியன் சந்திரனிலும் 400 மடங்களவு அகன்றது. 400 மடங்களவு தொலைவிலும் உள்ளது. ஆகையால் இரண்டும் எமது கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன. சந்திரன் சற்றுத் தொலைவிலிருக்கும் நாளில் அது சூரியனை முற்றாக மறைக்கமாட்டாது. விளிம்பு வளையலாக எஞ்சும். 2019 இல் அத்தகைய அரிய காட்சி முற்றத்துக்கு வந்தபோது, கதவடைத்துப் பிள்ளைகளை உள்ளே இருத்திய வீடுகளும் இருந்தன. வெறுங்கண்ணாற் பாராதே என்பது அறிவுரை; தக்க கண்ணாடி கொண்டும் பாராதே என்பது அச்சம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த ஒரு சொற்பொழிவைக் காட்டிலும் ஒரு வினா உதவும்.

விடை தெரிந்தவர் யார் என்பதிலும் எமது போட்டி பல பாடங்களைத் தந்தது. “இன்று மாலை ஏழு மணிக்குச் சந்திரன் உதிக்குமானால் நாளை எத்தனை மணிக்கு உதிக்கும்?” என்று ஒருமுறை கேட்டோம். பட்டதாரிகள் அமர்ந்த குழு, காகிதமும் பேனையுமாகக் கணக்கிடத் தொடங்கியது. பின்வரிசையிலிருந்த கடற்றொழிலாளர் ஒருவர் இருந்தபடியே, “ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறையப் பிந்தும்” என்றார். சராசரி 50 நிமிடம் என்பதே விடை. எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, “வலை படிப்பிச்சது” என்றார். அன்று முதல், படியாதவருக்கு வானியல் தெரியாது என்னும் எண்ணம் எமது ஊரிலே சற்றுக் குறைந்தது.

பிழையான விடைகளிலும் அறிவு உண்டு என்பதை வினா ஆக்குபவன் மறக்கலாகாது. மிக வெப்பமான கோள் எது என்றால் பிள்ளைகள் புதன் என்பர். சூரியனுக்கு மிக அண்மையிலிருப்பது அதுவே. ஆகவே அவர்களுடைய நியாயம் நல்ல நியாயம். ஆனால் வெள்ளிக் கோளைப் போர்த்திருக்கும் கரியமிலவாயு வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பதால், அங்கே வெப்பநிலை 460 பாகை சென்ரிகிறேட்டுக்கும் மேல். “நீ நினைத்தது நியாயம், ஆனால் வெள்ளி போர்வை போர்த்திருப்பதை நீ அறியவில்லை” என்று சொல்லிவிட்டால், பிழை சொன்ன பிள்ளையும் எதையோ வென்றவனாகவே அமர்வான். எமது போட்டியிலே பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. விடை சொன்னபின் அதற்கான காரணத்தை இரண்டு வசனங்களில் விளக்காமல் அடுத்த வினாவுக்குச் செல்வதுமில்லை. விடைத்தாளை மறுத்துப் பேச எவருக்கும் உரிமை உண்டு. மறுப்பவரைச் சிரிக்க எவருக்கும் உரிமையில்லை.

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவள் தந்தையாரோடும் தம்பியோடும் எமது வானம் பார்க்கும் கூட்டத்துக்கு வந்தாள். பல மாதங்கள் ஒன்றும் பேசவில்லை. தொலைகாட்டியிலே சனியின் வளையத்தைக் கண்டபோதும் மூச்சை உள்ளே இழுத்தாளேயன்றி வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டியிலே பங்குபற்றுமாறு கேட்டோம், மறுத்துவிட்டாள். ஆனால் போட்டிக்கு முதல் நாள் மாலை, நான்காக மடித்த கொப்பித்தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினாள். “இதை நீங்கள் கேளுங்கோ, சேர்” என்றாள். அதிலே அவள் ஆக்கிய வினாவொன்றும் விடையும் இருந்தன.

வினா: பகலிலே நட்சத்திரங்கள் எங்கே போகின்றன?

விடை: எங்கும் போவதில்லை. ஒரு நட்சத்திரம் மட்டும் எங்களுக்கு மிக அருகில் நின்று வானம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிடுவதால், மற்றவை தெரியவில்லை.

அவ்வினாவை மறுநாள் கேட்டோம். ஆக்கியவர் பெயரையும் சொன்னோம். விடையை வாசித்தபோது எவரும் சிரிக்கவில்லை. தபாலதிபர் ஐயா மாத்திரம் கைதட்டத் தொடங்க, சபை அவரைத் தொடர்ந்தது. இருபது ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்தும் அதற்கு நிகரான ஒன்றை நாம் ஆக்கியதில்லை. மாணாக்கர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: விடைகளைச் சேர்ப்பதோடு நின்றுவிடாதீர்கள், வினா ஆக்கப் பழகுங்கள். ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டோமா என்பதை அறிய அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

பெற்றோர்களும் இதில் துணைபுரியலாம். அதற்கெனப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. முற்றத்துக்கு வந்து நின்றாற் போதும். குடும்பத்தோடு முயன்று பார்ப்பதற்குச் சில வினாக்களை இங்கே தருகிறோம்.

வடக்கு அடிவானம் தெரியும் வெளியிலே நின்று, கையை நீட்டி, மூடிய கைப்பிடியை அடிவானத்தின்மேல் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நிற்பவருக்குப் பிடியின் மேல்விளிம்பை ஒட்டித் தெரியும் நட்சத்திரம் எது? அதே நட்சத்திரம் தெய்வந்துறையில் நிற்பவருக்கு உயர்ந்து தெரியுமா, தாழ்ந்து தெரியுமா?

மேகமில்லாத இரவிலே வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கிலா, இலட்சக்கணக்கிலா? வானத்தின் ஒரு சிறு பகுதியை எண்ணி, முழுவதற்கும் கணக்கிட்டுப் பாருங்கள்.

நட்சத்திரங்கள் மின்னுகின்றன. விடிவெள்ளியும் அவ்வாறு மின்னுகிறதா?

நண்பகலில் முற்றத்திலே நாட்டிய தடியின் நிழல், ஒரு மாதத்தின் பின்னர் நீள்கிறதா, குறுகுகிறதா? எத்திசையில் விழுகிறது?

கடிகாரம் இல்லாத காலத்திலே விடியற் சாமத்தை எந்த வெள்ளியைக் கொண்டு அறிந்தார்கள் என்று வீட்டிலுள்ள மூத்தோரைக் கேளுங்கள். இந்த ஒரு வினாவுக்கு மாத்திரம் காலதாமதம் வேண்டாம்; விடை தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

இவற்றின் விடைகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலே தேட வேண்டாம். நாம் அனுப்பப்போவதில்லை. இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள், மின்குமிழை அணைத்துவிடுங்கள், கண் இருளுக்குப் பழகும்வரை சிறிது நேரம் பேசாதிருங்கள். பின்பு அண்ணாந்து பாருங்கள். பிள்ளை உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்குமானால் வருந்தாதீர்கள். “தெரியவில்லை, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். வானியல் முழுவதும் அந்த இரண்டு சொற்களிலிருந்து பிறந்ததேயன்றோ!